பத்துக் கணினிக்கும் ஒரே பேக்கப்: சிறு அலுவலகங்களின் கடமையும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். எட்டுப் பத்துக் கணினிகள் இருக்கும். ஒன்றில் டேலி கணக்குகள், இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள், வேறொன்றில் வங்கிக் கடனுக்குத் தயாரித்த திட்ட அறிக்கைகள். “பேக்கப் எடுக்கிறீர்களா?” என்று கேட்டால், “எடுக்கிறோமே” என்றுதான் பதில் வரும். யார் எடுக்கிறார்கள், கடைசியாக எப்போது எடுத்தார்கள், எடுத்ததை யாராவது திறந்து பார்த்தார்களா என்று அடுத்தடுத்துக் கேட்டால் பதில் வராது. ஸ்கேன் சென்டர், பத்திர எழுத்தர் அலுவலகம், பின்னலாடை யூனிட், தனியார் பள்ளி என்று எங்கும் இதே கதைதான்.

காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. தாக்கல், சம்பளப் பட்டியல், வங்கி வேலை என்று ஓடுகிறவருக்கு பென் டிரைவைச் செருகிக் கோப்புகளை நகலெடுக்க நேரம் இருக்காது. ஒவ்வொருவரும் தத்தம் கணினிக்குப் பொறுப்பு என்று விட்டுவிட்டால், கடைசியில் எதற்கும் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஆகவே பேக்கப் வேலையை ஊழியர்களின் ஞாபகத்திலிருந்து விடுவித்து, அதற்கென்றே உள்ள ஒரு சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த சர்வர் மற்றக் கணினிகளின் கைக்கு எட்டாமலும் இருக்க வேண்டும். இதைச் செய்யப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. பெரும் பணமும் தேவையில்லை.

தரவு என்னென்ன வழிகளில் போகும்

ஹார்ட் டிஸ்க் என்றாவது ஒருநாள் நின்றுபோகும். அதற்குத் தேதி சொல்ல யாராலும் முடியாது. மின்சாரம் பட்டென்று போய் வரும்போது திறந்திருக்கும் கணக்குக் கோப்பு சிதையலாம். மடிக்கணினி பேருந்தில் தொலையலாம். புதிதாகச் சேர்ந்தவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரையே அழித்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள அலுவலகங்கள் பலவற்றில், கணினியும் அதன் பக்கத்திலேயே இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாக நீரில் மூழ்கின.

இவை எல்லாவற்றையும்விட இன்று அதிகம் அஞ்ச வேண்டியது ரேன்சம்வேர். ஒரு மின்னஞ்சல் இணைப்பு வழியாகவோ, திருட்டு மென்பொருள் வழியாகவோ, இணையத்துக்குத் திறந்து விடப்பட்ட ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ அது நுழையும். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். ஒரு கணினியோடு நிற்காது. அந்தக் கணினியிலிருந்து எந்தெந்த ஷேர்டு ஃபோல்டரில் எழுத முடியுமோ அவை எல்லாவற்றையும் பூட்டும். பேக்கப் கண்ணில் பட்டால் முதலில் அதையே அழிக்கப் பார்க்கும்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இதற்கு இலக்கானது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளைப் பதிவு செய்வதிலிருந்து பரிசோதனை முடிவு தருவது வரை பல நாட்கள் காகிதத்தில் கையால் நடந்தன. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே தாக்குதல் பரவக் காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும் மீட்கப்பட்டது என்றும் அதே பதிலில் கூறியது. நாட்டின் முதன்மை மருத்துவமனையின் பதிவுகள் திரும்பக் கிடைத்தது, தாக்கியவர்களின் கை எட்டாத இடத்தில் ஒரு சர்வர் இருந்ததால்தான்.

பேக்கப் என்று நாம் நம்புபவை

எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் பேக்கப் ஆகாது. ரேன்சம்வேர் கணினியைப் பூட்டும் அதே நிமிடத்தில் இதையும் பூட்டிவிடும்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறை, ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் இருக்க உதவும். அழித்த கோப்பை அது திருப்பித் தராது. ஒன்றில் அழிந்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கோப்புகளை இணையத்தோடு ஒத்திசைப்பவை. இங்கே கெட்டது அங்கேயும் கெடும். பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருப்பார்கள். ஆனால் பத்துக் கணினிகளில் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுப்பது பெரும்பாடு.

எல்லாரும் எழுதக்கூடிய ஒரு ஷேர்டு ஃபோல்டரில் கோப்புகளைக் கொண்டு போய்ப் போடுவதும் அப்படித்தான். எல்லாரும் எழுதலாம் என்றால் எல்லாரும் அழிக்கவும் முடியும்.

மைய சர்வர் எப்படி வேலை செய்கிறது

அலுவலகத்தில் ஒரு கணினியை பேக்கப் வேலைக்கு மட்டும் ஒதுக்குகிறோம். அதில் யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யக் கூடாது, மின்னஞ்சல் பார்க்கக் கூடாது. அது குறித்த நேரத்தில் ஒவ்வொரு கணினியையும் தொடர்புகொண்டு, மாறிய பகுதிகளை மட்டும் எடுத்துத் தேதி வாரியாகச் சேமிக்கும். முதல் நாள் மட்டும் முழுப் பிரதி. அதன்பின் தினமும் அன்றைய மாற்றங்கள்.

இதற்கு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களே போதும். யூஆர்பேக்கப் விண்டோஸ் கணினிகள் அதிகமுள்ள இடத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு மென்பொருளை நிறுவினால் கோப்புகளையும் எடுக்கும், முழு டிஸ்க்கின் பிம்பத்தையும் எடுக்கும். வெளியே போன மடிக்கணினி திரும்பி வந்து இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பேக்கப்பிசி லினக்ஸ் சர்வரில் ஓடும். பத்துக் கணினிகளில் ஒரே கோப்பு இருந்தால் அதை ஒருமுறை மட்டுமே சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும். பேக்குலா, பேரியோஸ் ஆகியவை பெரிய அமைப்புகளுக்கானவை. அவற்றை நிர்வகிக்க அனுபவம் உள்ள ஆள் வேண்டும். பெட்டியாகவே வாங்க விரும்பினால் நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளான நாஸ் கருவிகள் உண்டு. சினாலஜி போன்ற நிறுவனங்கள் சில மாடல்களோடு பல கணினிகளுக்கான பேக்கப் மென்பொருளையும் கூடுதல் கட்டணமின்றித் தருகின்றன.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். பத்துக் கணினி, ஒவ்வொன்றிலும் 100 ஜிபி வேலைக் கோப்புகள் என்றால் முதல் பிரதி 1 டெராபைட். தினமும் நூற்றுக்கு இரண்டு பங்கு மாறினால் 20 ஜிபி. முப்பது நாள் மாற்றங்களைச் சேர்த்தால் 600 ஜிபி. மாதக் கடைசி, ஆண்டுக் கடைசிப் பிரதிகளுக்கும் இடம் விட்டால் 4 டெராபைட் போதும். நாள் முழுதும் ஓடத் தகுந்த நாஸ் வகை டிஸ்க் இரண்டை வாங்கி ரெய்டு முறையில் இணைத்துவிடலாம். பழைய கணினியை சர்வராக்குவதில் தவறில்லை. டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நெட்வொர்க் சுவிட்ச்தான். பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் 1 டெராபைட் நகர ஒரு முழு நாள் பிடிக்கும். கிகாபிட் சுவிட்ச் என்றால் மூன்று மணி நேரம் போதும். சர்வரோடு சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மின்தடையின்போது சர்வர் மட்டும் விழித்திருந்து சுவிட்ச் அணைந்துவிட்டால் பேக்கப் பாதியில் நிற்கும்.

கணக்கு மென்பொருள்களில் ஒரு கவனம் வேண்டும். டேலியில் பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போது அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால், ஒரு பாதி பழையதாகவும் மறு பாதி புதியதாகவும் வர வாய்ப்புண்டு. திறந்திருக்கும் கோப்புகளையும் ஒரே நொடியின் நிலையில் நகலெடுக்க உதவும் விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தும் பேக்கப் மென்பொருள் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும். அதோடு மாலையில் டேலியை மூடியபின் ஒரு பேக்கப் ஓடும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

எத்தனை நாள் வைப்பது? ரேன்சம்வேர் நுழைந்த அன்றே வெளிப்படாது, வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். சிதைந்த கோப்பும் சில மாதம் கழித்தே கண்ணில் படும். எனவே தினசரிப் பிரதிகளை 30 நாளும், மாதக் கடைசிப் பிரதிகளை ஓராண்டும், மார்ச் 31 பிரதியைச் சட்டம் கேட்கும் ஆண்டுகள் வரையும் வைத்திருப்பது நல்லது.

கைக்கு எட்டாமல் வைப்பது

எல்லாப் பிரதிகளும் ஒரே இடத்தில் சேர்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்த ஓர் இடம் பறிபோனால் எல்லாம் பறிபோகும். அதனால் சில விதிகளை இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

சர்வர்தான் கணினிகளிடமிருந்து கோப்புகளை எடுக்க வேண்டும். கணினிகளுக்கு சர்வருக்குள் போய் எழுதவோ அழிக்கவோ அனுமதி இருக்கக் கூடாது. சர்வரின் கடவுச்சொல் எந்த ஊழியரின் கணினியிலும் சேமிக்கப்படக் கூடாது. அலுவலகம் விண்டோஸ் டொமைனில் இயங்கினால் பேக்கப் சர்வரை அதில் சேர்க்காதீர்கள், டொமைன் நிர்வாகியின் கணக்கைத் திருடியவருக்கு இங்கே கதவு திறக்கக் கூடாது. சர்வரின் நிர்வாகப் பக்கம் இணையத்திலிருந்து எட்டக் கூடாது.

அடுத்தது, புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 விதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். மையச் சர்வர் இரண்டாவது பிரதி மட்டுமே, மூன்றாவது கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றில் வார இறுதிப் பிரதியை எடுத்து வேறிடத்துக்குக் கொண்டு போகவும், மறு வாரம் மற்றதை எடுக்கவும் செய்தால், எந்த நேரத்திலும் ஒன்று கம்பியிலிருந்து விலகியே இருக்கும். கிளவுடுக்கு அனுப்புவதும் நல்லதே. ஆனால் 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 1 டெராபைட் போய்ச்சேர இரண்டு நாள் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெளியே வைக்கும் பிரதியின் மதிப்பை 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியா அறிந்தது. டேஜியான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் எரிந்துபோனது. 858 டெராபைட் தரவுக்கு வெளியே வேறு பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை என்றால், ஒற்றை அறை அலுவலகம் நடத்துகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

வெளியே போகும் டிஸ்க்கைக் கட்டாயம் என்கிரிப்ட் செய்யுங்கள். அது தொலைந்தால் வாடிக்கையாளர்களின் ஆதாரும் கணக்கும் தெருவுக்கு வந்துவிடும். என்கிரிப்ஷன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வங்கி லாக்கரிலோ பீரோவிலோ வைத்துவிடுங்கள். அந்தச் சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருந்து, அவர் இல்லாமல் போனால், பேக்கப் இருந்தும் பயனில்லை.

மீட்டுப் பார்த்தால்தான் பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்ததால் முதன்மை டேட்டாபேஸ் அழிந்தது. அங்கே ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது ஒன்றும் நம்பத்தகுந்த நிலையில் இல்லை. பேக்கப் தோற்றுக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படாமல் இருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காக எடுத்துவைத்த பிரதியால் பெரும்பகுதி தப்பியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நிறுவனம் இதை மறைக்காமல் உலகுக்கே எழுதி வெளியிட்டது.

நமக்கு அப்படி நேராமல் இருக்க, அலுவலகத்தில் ஒருவரைப் பெயர் குறித்து பேக்கப்புக்குப் பொறுப்பாக்குங்கள், அவர் விடுப்பில் போனால் பார்க்க இன்னொருவரையும். தினமும் காலையில் சர்வரின் பக்கத்தைத் திறந்து, எல்லாக் கணினிகளுக்கும் நேற்றைய தேதி காட்டுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். மாதம் ஒருமுறை ஏதாவதொரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழுக் கணினியை வேறொரு டிஸ்க்கில் மீட்டு, டேலி திறக்கிறதா, நிலுவைத் தொகை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஆன நேரத்தை எழுதி வையுங்கள். ஆபத்து வரும் நாளில் வாடிக்கையாளருக்கு எப்போது பதில் சொல்ல முடியும் என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

சட்டம் என்ன கேட்கிறது

பேக்கப் எடுப்பது நம் விருப்பம் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

கணக்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள், அவற்றின் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகள் கூறுகின்றன. 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பின் இதைத் தினந்தோறும் செய்தாக வேண்டும். கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் காக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ ஆவணம் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணு பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 நேரடியாகவே சொல்கிறது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தரவு திருடு போவது மட்டும் அல்லாமல், அது அழிவதும், அதை எட்ட முடியாமல் போவதும் அச்சட்டத்தின்படி தரவு மீறலில் அடங்கும். பாதுகாப்பு ஏற்பாடுகளில் பேக்கப்பும் ஒன்று என்று 2025 நவம்பரில் வந்த விதிகள் குறிப்பிடுகின்றன. முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027இல் நடைமுறைக்கு வருகின்றன. தக்க பாதுகாப்பு இல்லாமல் தரவு மீறல் நடந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மீறல் நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

யாருக்கு என்ன உரிமை

வாடிக்கையாளரின் தரவு வாடிக்கையாளருக்கே சொந்தம், நாம் அதைக் காத்து வைத்திருப்பவர்கள். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழை திருத்தச் சொல்லவும், தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்லவும் புதிய சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. பேக்கப்பில் கிடக்கும் பிரதியும் இதில் அடங்கும். வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் பழைய பிரதிகள் தாமாக அழியும்படி சர்வரில் காலவரம்பு வையுங்கள்.

ஊழியர்களுக்கும் உரிமை உண்டு. மைய பேக்கப் வைக்கும்போது அவர்கள் கணினியில் வைத்திருக்கும் குடும்பப் படங்கள், மருத்துவ அறிக்கைகள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் சர்வருக்குப் போய்விடலாம். எந்தெந்த ஃபோல்டர்கள் எடுக்கப்படுகின்றன, யார் பார்க்க முடியும், எத்தனை நாள் இருக்கும் என்பதை எழுத்தில் அவர்களுக்குச் சொல்லுங்கள். வேலைக் கோப்புகளுக்கென்று ஒரு ஃபோல்டர் ஒதுக்கி அதை மட்டும் எடுப்பதே முறை.

சர்வரை அமைத்துத் தரும் சர்வீஸ் நிறுவனத்திடம் அலுவலகத்துக்கு உள்ள உரிமையைப் பலர் கேட்டுப் பெறுவதில்லை. நிர்வாகக் கடவுச்சொல்லும் என்கிரிப்ஷன் கடவுச்சொல்லும் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு (ஏ.எம்.சி.) ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம்: தரவு யாருக்குச் சொந்தம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மீட்புச் சோதனை செய்து காட்டுவார்கள், ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் எல்லாவற்றையும் ஒப்படைப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் அலுவலகம் நடத்துகிறவர், சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தாக்குதல் நடந்துவிட்டால்

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் சர்வரின் கேபிளையும் உடனே கழற்றுங்கள். பாதித்த கணினியை ஃபார்மேட் செய்யாதீர்கள், அது போலீசுக்குச் சாட்சியம். மிரட்டல் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பேக்கப் டிஸ்க்கைப் பாதித்த கணினியில் செருகிப் பார்க்கும் அவசரம் கடைசிப் பிரதியையும் அழித்துவிடும்.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ 1930 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம். 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி நிறுவனங்கள் இத்தகைய நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் இலவச எண் 1800-11-4949. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி இது மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம், அவர் தீர்ப்பு அதிகாரி என்ற முறையில், மனுச் செய்யலாம்.

பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கட்டுகிறவர் என்று பெயர் வாங்கினால் மறுபடியும் வருவார்கள். யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் முதலியோர் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகை ரேன்சம்வேர்களுக்கு இலவசச் சாவிகள் கிடைக்கின்றன. அதன்பின் புதிய டிஸ்க்கில் விண்டோஸை நிறுவி, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றி, தாக்குதலுக்கு முந்தைய தேதியின் பிரதியிலிருந்து மீட்டெடுங்கள்.

இந்த வாரமே தொடங்கலாம்

திங்கட்கிழமை ஒரு தாளில் எல்லாக் கணினிகளையும், எதில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். செவ்வாயன்று பொறுப்பாளரை நியமித்து, டிஸ்க் அளவைக் கணக்கிடுங்கள். வார இறுதிக்குள் ஒரு பழைய கணினியில் யூஆர்பேக்கப்பை நிறுவி, முதலில் இரண்டே கணினிகளை அதில் இணையுங்கள். அடுத்த வாரம் அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்துவிட்டு, மற்றக் கணினிகளைச் சேருங்கள். நம்மை நம்பி ஆவணங்களைக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோரிடம் அவற்றுக்கு வேறு நகல் இல்லை. அவர்களின் நிலம், கடன், சிகிச்சை, படிப்பு எல்லாம் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றைப் பத்திரமாகத் திருப்பித் தருவது நாம் வாங்கும் கட்டணத்துக்குள் அடங்கிய வேலை.